மூக்கு மட்டும்

முகம் என்று ஓர் ஊர் இருந்தது. பெரிய ஊரெல்லாம் இல்லை. ஒரு சாண் நீளம், அதற்கும் குறைவான அகலம். ஆனால் சண்டை சச்சரவுக்குக் குறைச்சல் இல்லாத ஊர். மேலே நெற்றி. அதன் கீழே இரட்டைப் பிள்ளைகளாகக் கண்கள். இரண்டு எல்லையிலும் காவலுக்கு இரண்டு காதுகள். தெற்கே வாய். நட்ட நடுவில், எங்கே நின்று பார்த்தாலும் தெரிகிற மாதிரி, மூக்கு.

அந்த ஊரின் சொந்தக்காரி அங்கயற்கண்ணி. மதுரைப் பக்கத்துப் பெண், இருபத்தேழு வயசு, வீட்டில் கயல் என்று கூப்பிடுவார்கள். பேர் வைக்கும்போதே கண்ணுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள், மூக்குக்குக் கொடுக்கவில்லை. அதனால் கண்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம். "எங்க பேரைச் சொல்லித்தான் இவளையே கூப்பிடுறாங்க" என்று சொல்லிக்கொண்டு திரியும். மூக்கு அதைக் கண்டுகொள்வதில்லை. ஏன் கண்டுகொள்ள வேண்டும்? அந்த ஊரில் வேலைக்குப் போய்ச் சோறு போடுவதே மூக்குதானே!

கயல் வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை பார்த்தாள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பால் கேன்கள் வந்து இறங்கும். மெஷின் சோதனை எல்லாம் பிற்பாடுதான். முதல் சோதனை மூக்குச் சோதனை. கேன் மூடியைத் திறந்த கையோடு, மூடியின் உள்பக்கத்தை ஒரே ஒரு தடவை மோந்து பார்க்க வேண்டும். கயல் மோந்து பார்த்துவிட்டுச் சொல்லுவாள். "அண்ணே, நேத்துச் சாயங்காலப் பாலைக் காலைப் பாலோட கலந்துருக்கீங்க." "இந்த மாடு வெங்காயத் தாள் தின்னுருக்கு, பாலைத் தனியா வைங்க." பால்காரர்கள் அசந்து போய் மூக்கில் விரலை வைப்பார்கள். "இந்தப் புள்ள மூக்குக்குள்ள என்ன மெஷின் வச்சுருக்கோ தெரியல!" என்று ஒருத்தர் சொன்னபோது மூக்குக்கு நுனி வரைக்கும் சிலிர்த்துப் போனது.

மூக்கு பார்க்க எப்படி இருக்கும் என்றால், நடுத்தண்டில் கரும்புக்கு இருக்கிற மாதிரி ஒரு சின்னக் கணு. நுனி சற்று உருண்டை. அவ்வளவுதான். அவலட்சணம் என்று யாரும் சொன்னதில்லை, அழகு என்றும் யாரும் சொன்னதில்லை. இருபத்துநாலு வருஷம் அதைப் பற்றி ஊரில் ஒரு பேச்சும் எழவில்லை. பேச்சு எழுந்தது ஒரு கல்யாண வீட்டில்.

கயலின் பெரியப்பா மகள் கல்யாணம் அது. முகூர்த்த நேரம். கயல் அட்சதைத் தட்டோடு மணமேடைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். இரண்டு ஆள் தள்ளி அவளுடைய அத்தை பேச்சியம்மாள். பேருக்குத் தகுந்த ஆள்தான், வாய் ஓயாது. அத்தை கயலை ஏற இறங்கப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற சம்பந்தி வீட்டு அம்மாளிடம் சொன்னாள்.

"நம்ம கயலு லட்சணமாத்தான் இருக்கா. மூக்கு மட்டும்..."

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

நாயனமும் தவிலும் ஒன்றாக எழுந்தன. தாலி ஏறுகிற நேரத்தில் யாராவது தும்மிவிடுவார்கள், யாராவது அபசகுனமாக எதையாவது சொல்லிவிடுவார்கள், அதெல்லாம் காதில் விழக் கூடாது என்றுதானே நம் பக்கம் கெட்டிமேளம் கொட்டுகிறோம்? அத்தையின் வாய் அசைவது கண்ணுக்குத் தெரிந்தது. அந்த அம்மாள் தலையை ஆட்டுவதும் தெரிந்தது. சொல்தான் வந்து சேரவில்லை. மேளம் ஓய்ந்தபோது அத்தை அட்சதையைப் போட்டுவிட்டுப் பந்திப் பக்கம் போய்விட்டிருந்தாள்.

கடைசியாக வலது காதுக்குள் வந்து சேர்ந்தவை இரண்டு சொற்கள். 'மூக்கு' என்ற சொல் தன் சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டது. 'மட்டும்' போகவில்லை. நாலே எழுத்து. சின்ன உருவம். காதுக்குள் நுழைந்து ஓரமாக உட்கார்ந்துகொண்டது.

"யாருப்பா நீ?" என்றது காது.

"மட்டும்."

"உனக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு வரணுமே. முன்னால வந்தது போயிருச்சு. பின்னால வர்றது எங்க?"

"மேளத்துல மாட்டிக்கிச்சு. வந்துரும். அதுவரைக்கும் இங்கன இருந்துக்கிறேன்."

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இந்த விருந்தாளி மூன்று வருஷம் இருந்தது.

சும்மா இருந்தாலும் பரவாயில்லை. தன் மீதிப் பாதி வராததால் அதுவே ஒவ்வொன்றாகத் தயார் பண்ணிக்கொண்டது. முதல் மாசம், "மூக்கு மட்டும் கொஞ்சம் பெருசு" என்றது. அப்புறம், "மூக்கு மட்டும் முகத்துக்குப் பொருந்தல" என்றது. வருஷம் திரும்புவதற்குள், "மூக்கு மட்டும் இல்லாட்டி நீ எங்கேயோ போயிருப்பே" என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. கயலுக்கு அது அத்தை குரலிலேயே கேட்டது.

கண்களும் அதன் பக்கம் சாய்ந்துவிட்டன. ஒரு நாள் இரண்டும் சேர்ந்து மூக்கை வம்புக்கு இழுத்தன.

"இத்தனை வருஷமா எங்களுக்கு நடுவுலதான் நீ இருக்கே. நாங்கதான் கவனிக்காம விட்டுட்டோம்."

"கவனிச்சு என்ன கண்டீங்க?"

"குறுக்க நிக்கிறே. கணுவும் நீயும்."

"நாளைக்கு உங்களுக்குப் பார்வை மங்கினா மூக்குக்கண்ணாடி மாட்டுவாங்க. அது யார் முதுகுல உட்காரும்? அன்னைக்கு வருவீங்க, அண்ணே அண்ணேன்னு" என்றது மூக்கு. பதிலடி கொடுத்துவிட்டதே தவிர, உள்ளுக்குள் அதற்கு வலித்தது. இருபத்தேழு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தவர்கள். 'மூக்கும் முழியுமா' என்று ஊர் உலகமே ஒன்றாகச் சேர்த்துச் சொல்லுகிறது.

குளியலறைக் கண்ணாடியிடம் போய் நியாயம் கேட்டது மூக்கு.

"நீயாவது சொல்லு. நான் அவ்வளவு மோசமா?"

"வர்றதைக் காட்டுறேன். கருத்து சொல்ற பழக்கம் எனக்கில்ல" என்றது கண்ணாடி.

கைப்பேசிக்கு அந்த மாதிரி நாகரிகம் எல்லாம் கிடையாது. கயல் கையை மடக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துப் படம் எடுப்பாள். உடனே அது, "பாத்தியா? படம் பூராவும் மூக்குதான்" என்னும். அப்புறம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருபது மூக்குப் படங்களைக் கொண்டுவந்து பரப்பும். "முன்னால, பின்னால" என்று ஜோடி ஜோடியாகக் காட்டும். "ஒரே நாள் வேலை, வலியே தெரியாது" என்று ஆசை காட்டும். அதன் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கயல் பால் கேன் பக்கத்தில் நிற்கும்போதுகூட இடது கையால் மூக்கை மறைத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

இதற்கு நடுவில் மூக்கு ஒரு விஷயத்தை ஊருக்குச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தது. எட்டாம் வகுப்பில் கயல் சைக்கிளிலிருந்து விழுந்தபோது உள்ளே நடுச்சுவர் ஒரு பக்கமாக வளைந்துவிட்டது. இடது வாசல் பாதிக்கு மேல் அடைப்பு. மூச்சு, பாவம், வாயில்லாப் பூச்சி. வலது வாசல் வழியாகவே போய் வந்துகொண்டிருந்தது. சளி பிடித்தால் அதுவும் கிடையாது, வாய் வழியாகத்தான் போக்குவரத்து. "உன் வேலையெல்லாம் என் தலையில. காலையில எந்திரிச்சா நாக்கு வறண்டு கிடக்கு" என்று வாய் புலம்பும்.

மூச்சு ஒரு தடவை தயங்கித் தயங்கிக் கேட்டது. "அண்ணே, இந்த இடது வாசலை யாருகிட்டயாவது சொல்லிச் சரி பண்ணக் கூடாதா? எனக்கு மூட்டையை ஒரு பக்கமாத் தூக்கிட்டு நடக்கிற மாதிரி இருக்கு."

"சத்தம் போடாத" என்றது மூக்கு. "ஏற்கெனவே வெளியே நொட்டை சொல்லிட்டு இருக்காங்க. உள்ளேயும் பழுதுன்னு தெரிஞ்சா என்னை மொத்தமா இடிச்சே போட்டுருவாங்க."

மூச்சு மறுபடியும் வலது வாசல் வழியாகவே நடையைக் கட்டியது.

அந்தச் சமயத்தில்தான் நிலையத்து மேலாளர் கயலைக் கூப்பிட்டார். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குக் காட்ட ஒரு பயிற்சிப் படம் எடுக்கப் போகிறார்களாம். மூடியை எப்படித் திறப்பது, எப்படி மோந்து பார்ப்பது என்று செய்து காட்ட வேண்டும். "உன்னை விட்டா ஆள் ஏதும்மா? கிட்ட வச்சு எடுக்கணும்னு சொல்றாங்க. மூக்குதான் கதாநாயகன்" என்று சொல்லிச் சிரித்தார்.

மூக்குக்குத் தலைகால் புரியவில்லை. கதாநாயகன்! ஆனால் கயல், "என்னால முடியாது சார்" என்றாள். அவர் வற்புறுத்தியதும், "ரெண்டு மாசம் பொறுங்க சார், வந்து செய்யிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வருகிற வழியிலேயே கைப்பேசியில் மதுரை டாக்டர் ஒருவரிடம் நாள் குறித்துக்கொண்டாள். இரண்டு மாசத்துக்குள் மூக்கை மாற்றிவிட வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து மூக்குக்கு நிம்மதி போனது. கத்தி படும் என்ற பயம் ஒரு பக்கம். கத்தி பட்டு வாசனை போய்விட்டால் வேலை என்ன ஆகும், கயல் என்ன ஆவாள் என்ற பயம் இன்னொரு பக்கம். இவ்வளவு உழைத்தும் தன்னை வேண்டாம் என்றுவிட்டார்களே என்ற துக்கம் எல்லாவற்றுக்கும் மேலே.

டாக்டர் குளோரிக்கு ஐம்பது வயசிருக்கும். நெற்றியில் ஒரு விளக்கை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா செய்யணும்?"

"மூக்கைச் சின்னதாக்கணும் டாக்டர். கணுவை எடுத்துட்டு, நுனியைக் கூர்மையாக்கணும். இந்த மாதிரி." கயல் கைப்பேசியை நீட்டினாள். அது தன்னிடம் இருந்ததிலேயே பளபளப்பான படத்தைக் காட்டியது.

டாக்டர் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது இந்தப் பொண்ணு முகத்துக்குத் தச்சது. அடுத்தவங்க அளவு ஜாக்கெட்டை நீங்க போட்டா எப்படி இருக்கும்?"

"என் மூக்கு போட்டோவுல ரொம்பப் பெருசா இருக்கு டாக்டர்."

"கையை மடக்கி வச்சு எடுத்ததா? பஸ்ஸுக்கு நேர் முன்னால நின்னு படம் எடுத்தா ஹெட்லைட்டுதான் பஸ் சைசுக்குத் தெரியும். அஞ்சடி தள்ளி நின்னு யாரையாவது எடுக்கச் சொல்லுங்க. அதுதான் உங்க முகம்."

கைப்பேசி சட்டென்று திரையை அணைத்துக்கொண்டது.

அப்புறம் டாக்டர் ஒரு சின்ன உலோகத் தகட்டை எடுத்து மூக்குக்குக் கீழே பிடித்தார். "வாயை மூடி, மெதுவா மூச்சு விடுங்க" என்றார். தகட்டில் வலது பக்கம் ரூபாய் அகலத்துக்கு ஆவி படிந்தது. இடது பக்கம் ஒரு பொட்டு அளவுக்குத்தான். டாக்டர் விளக்கைப் போட்டு உள்ளே பார்த்தார். மூக்குக்கு உயிரே போனது. இருந்த ஒரு ரகசியமும் வெளியே வந்துவிட்டதே!

"நடுச்சுவர் வளைஞ்சிருக்கு. எப்ப அடிபட்டுச்சு?"

"எட்டாவது படிக்கும்போது டாக்டர். சைக்கிள்ல விழுந்தேன்."

"தூங்கும்போது வாய் திறந்துக்குமா? காலையில தொண்டை வறளுமா?"

"ஆமா. எல்லாருக்கும் அப்படித்தான்னு நினைச்சேன்."

"எல்லாருக்கும் அப்படி இல்லம்மா" என்றார் டாக்டர். "பதினாலு வருஷமா ஒரு வாசல்லயே காலம் தள்ளிட்டு இருக்கீங்க."

இதைக் கேட்டதும் மூச்சு அழுதுவிட்டது. யாரோ ஒருத்தர் அதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

டாக்டர் ஒரு காகிதத்தில் மூக்குப் படம் ஒன்றைப் போட்டு விளக்கினார். "இதுல ரெண்டு வேலை இருக்கு. உள் வேலை, வெளி வேலை. தனித்தனியாவும் செய்யலாம், சேர்த்தும் செய்யலாம். வெளி வேலை தப்புன்னு சொல்ல மாட்டேன். என்கிட்ட செஞ்சுட்டுச் சந்தோஷமா இருக்கிறவங்க நிறைய. ஆனா தெரிஞ்சுட்டுச் செய்யணும். மயக்க மருந்து குடுப்போம். முதல் ரெண்டு வாரம் முகம் வீங்கி, கண்ணுக்குக் கீழ நீலம் பாயும். பெரும்பகுதி வீக்கம் சில மாசத்துல வடியும். ஆனா மூக்கு தன் கடைசி உருவத்துக்கு வர ஒரு வருஷம்கூட ஆகும்."

"ஒரு வருஷமா? ரெண்டு மாசத்துல எனக்கு ஒரு ஷூட்டிங் இருக்கே டாக்டர்!"

"ரெண்டு மாசத்துல வீங்குன மூக்கோட போய் நிப்பீங்க. இன்னொண்ணும் இருக்கு. கொஞ்ச நாளைக்கு வாசனை சரியாத் தெரியாது. பெரும்பாலும் திரும்பிரும். நூத்துக்கு நூறுன்னு நான் எழுதித் தர மாட்டேன். சில பேருக்கு ரெண்டாவது தடவை செய்ய வேண்டி வரும். படத்துல காட்டுறது அச்சு அசலா வரும்னு எந்த டாக்டராவது சொன்னா, செருப்பை மாட்டிட்டு வெளிய வந்துருங்க."

வாசனை தெரியாது என்ற இடத்திலேயே கயலின் மனசு நின்றுவிட்டது. பால் கேன்கள் வரிசையாக வந்து நிற்கின்றன, மூடியைத் திறக்கிறாள், ஒன்றும் தெரியவில்லை.

"எப்பலருந்து இந்த மூக்கு பிடிக்காமப் போச்சு?" என்றார் டாக்டர்.

"மூணு வருஷமா."

"மூணு வருஷத்துக்கு முன்னால என்ன ஆச்சு?"

கயல் சொன்னாள். கல்யாணம், அட்சதை, அத்தை. "லட்சணமாத்தான் இருக்கா, மூக்கு மட்டும்னு சொன்னாங்க டாக்டர்."

"மூக்கு மட்டும்னா? முழுசா என்ன சொன்னாங்க?"

"தெரியாது டாக்டர். கெட்டிமேளம் கொட்டிட்டாங்க."

எழுதிக்கொண்டிருந்த டாக்டரின் கை நின்றது. நெற்றியில் இருந்த விளக்கைக் கழற்றி மேசை மேல் வைத்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. ஆனால் குரலில் கேலி இல்லை.

"பாதி மருந்துச் சீட்டைக் கிழிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தா எந்தக் கடையிலயும் மருந்து தர மாட்டாங்கம்மா. நீங்க பாதிப் பேச்சைக் கொண்டுவந்து என்னை வெட்டச் சொல்றீங்க. போய் மீதியைக் கேட்டுட்டு வாங்க. கேட்டப்புறமும் வேணும்னு தோணுச்சுன்னா வாங்க, செய்வோம்."

பேச்சியம்மாள் அத்தை வீடு திருமங்கலத்தில். ஞாயிற்றுக்கிழமை கயல் கிளம்பினாள். பஸ்ஸில் ஊரே பதைபதைத்துக்கொண்டு போனது. 'மட்டும்' காதுக்குள் நிலைகொள்ளாமல் குதித்தது. "இன்னைக்கு என் பாதி வந்துரும், பாரு. வந்ததும் நான் முழு ஆளு" என்று காதிடம் சொல்லிக்கொண்டே வந்தது.

அத்தை அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். "வாத்தா வா! வழி தெரிஞ்சுச்சா இந்த வீட்டுக்கு? உக்காரு. உங்கம்மா சௌக்கியமா? ஏன் இப்படி இளைச்சுப் போயிருக்கே? அந்த மணையை இழுத்துப் போடு."

"அத்தை, எண்ணெய் புகையப் போகுது. தணிச்சு வைங்க" என்றாள் கயல், உட்காருவதற்கு முன்னாலேயே.

"அட ஆமா! உனக்கு மட்டும் எப்படித்தான் முன்னாடியே தெரியுதோ" என்று அடுப்பைத் தணித்தாள் அத்தை.

கயல் கேட்டுவிட்டாள். சுற்றி வளைக்கவில்லை. "அத்தை, அக்கா கல்யாணத்துல, தாலி கட்டுற நேரத்துல, என்னைப் பத்தி அந்தச் சம்பந்தியம்மாகிட்ட ஒண்ணு சொன்னீங்க. மூக்கு மட்டும்னு சொன்னீங்க. அப்புறம் என்ன சொன்னீங்க?"

ஊர் முழுக்க அசையாமல் நின்றது.

அத்தை முறுக்கு அச்சோடு திரும்பிப் பார்த்தாள். "எந்தக் கல்யாணத்துல?"

"சிந்தாமணி அக்கா கல்யாணத்துல."

"அடியே, அது ஆச்சு மூணு வருஷம்! அன்னைக்கு நான் எங்க நிதானத்துல இருந்தேன்? பந்தியில ரசம் பத்தலைன்னு ஆளு வந்து நிக்குது." அத்தை மோட்டுவளையைப் பார்த்து யோசித்தாள். "மூக்கு மட்டும்னா சொன்னேன்? இருக்கும். மூக்கு மட்டும் மொட்டையா இருக்கு, ஒரு மூக்குத்தி குத்தி விடணும்னு சொல்லியிருப்பேன். இல்லாட்டி, மூக்கு மட்டும் எங்க அண்ணன் மூக்குன்னு சொல்லியிருப்பேன், அப்படியே உங்கப்பன் மூக்குதானே உனக்கு. இல்லாட்டி மூக்கு மட்டும் வேர்த்துக் கொட்டுது, யாராச்சும் துடைச்சு விடுங்கன்னு சொன்னேனோ என்னமோ."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அத்தை."

"மூக்கு மட்டும் கொஞ்சம் பெருசுன்னுகூடச் சொல்லியிருப்பேண்டி. பொய் சொல்லுவானேன்? என் வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு? அன்னைக்கு மாப்பிள்ளையவே காத்துல பறந்துருவான் போலன்னு சொன்னேன், அவரு சிரிச்சுட்டுப் போனாரு." சொல்லிக்கொண்டே வந்த அத்தை, கயலின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். அச்சைக் கீழே வைத்தாள். "ஏண்டி, என்ன? இதையா மூணு வருஷமா மனசுல வச்சுக்கிட்டுத் திரியிறே?"

கயல் தலையை மட்டும் ஆட்டினாள். கண்கள் இரண்டும் நிறைந்துவிட்டன.

"அட என் கிறுக்கச்சி! அன்னைக்கே வந்து, என்னடி கெழவி சொன்னேன்னு சட்டையைப் பிடிச்சிருக்கக் கூடாதா?" அத்தை மாவுக் கையோடு வந்து அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "நான் ஒரு கூறுகெட்டவ. எதைப் பேசுறேன், யார் கேக்குறான்னு பாக்குறதில்ல. மனசு நொந்துபோச்சா? நொந்துதான் போயிருக்கு. தப்புதாண்டி, என் தப்புதான்."

கயலுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகியது. வெட்கப்படாமல் முந்தானையில் சிந்தித் துடைத்தாள். கிளம்பும்போது அத்தை ஒரு டப்பா முறுக்கைக் கையில் திணித்தாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் 'மட்டும்' மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. "நாலு பாதி சொல்லுச்சே அந்தம்மா. இதுல என் பாதி எது?" என்று காதைக் கேட்டது.

"சொன்னவங்களுக்கே தெரியல. எனக்கு எப்படித் தெரியும்?" என்றது காது.

"அப்ப மூணு வருஷமா நான் சொன்னதெல்லாம்?"

"நீயாச் சொன்னது."

'மட்டும்' இன்னும் ஓரமாகச் சுருண்டுகொண்டது. அதைப் பார்க்க மூக்குக்கே பரிதாபமாகப் போய்விட்டது.

மறுநாள் காலை கயல் குளியலறைக் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். முகத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். கண்ணாடி வழக்கம்போல் கருத்து ஒன்றும் சொல்லவில்லை. கணு இருந்த இடத்தில்தான் இருந்தது. நுனி உருண்டையாகத்தான் இருந்தது. பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கண்கள் ஒன்றும் சேர்க்காமல் பார்த்தன.

"அண்ணே, கோபமா?" என்றது ஒரு கண், மெதுவாக.

"கோபம் இல்லாம இருக்குமா?" என்றது மூக்கு. "ஆனா நானும் யோக்கியன் இல்லப்பா. பதினாலு வருஷமா உள்ள சுவர் வளைஞ்சு கிடந்ததை மறைச்சு வச்சேன். இந்த மூச்சை மூட்டை சுமக்க விட்டேன். எல்லாம் ஒரு வெட்கம்."

"அப்ப கத்தி வேணாம்னு சொல்லப் போறியா?"

"அதை நான் சொல்லக் கூடாது. அவ சொல்லட்டும்."

"பயமா இருக்கா?"

"பயமாத்தான் இருக்கு" என்றது மூக்கு.

கயல் ஒரு மாசம் யோசித்தாள். தோழியை அஞ்சடி தள்ளி நிற்க வைத்துத் தன்னைப் படம் எடுக்கச் சொல்லிப் பார்த்தாள். கணுவை எடுத்தால் எப்படி இருக்கும் என்றும் யோசித்தாள், எடுக்காவிட்டால் எப்படி இருக்கும் என்றும் யோசித்தாள். இரவில் தன் வாய் திறந்துகொள்வதைப் பற்றி முதல் தடவையாக யோசித்தாள். மேலாளரிடம் போய், "சார், ஷூட்டிங்கை முன்னாடியே வைங்க, அப்புறம் எனக்கு லீவு வேணும்" என்று சொன்னாள். படக்காரர்கள் வந்தார்கள். அவள் பத்துக் கேன் மூடிகளைத் திறந்து, இடது கையைக் கீழே போட்டுக்கொண்டு, மோந்து காட்டினாள்.

அடுத்த வாரம் டாக்டர் அறைக்குப் போனாள்.

"மீதிப் பாதியைக் கேட்டீங்களா?"

"கேட்டேன் டாக்டர். அவங்களுக்கு ஞாபகம் இல்ல."

டாக்டர் சிரித்தார். ஒப்புதல் படிவத்தை எடுத்து முன்னால் வைத்துப் பேனாவைத் திறந்தார். "சரி, இப்ப நீங்க சொல்லுங்க. உள் வேலையா, வெளி வேலையா, ரெண்டுமா? இன்னும் நாள் வேணும்னாலும் சொல்லுங்க, அவசரமே இல்ல."

ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த நேரம் பார்த்து 'மட்டும்' காதை விட்டு இறங்கியது. தொண்டை வழியாக ஏறி, நாக்கின் மேல் வந்து நின்றது. மூக்குக்குப் பகீர் என்றது.

"மூச்சு மட்டும் சரியாப் போகட்டும் டாக்டர்" என்றாள் கயல்.

மூன்று வருஷமாகக் காதில் குடியிருந்த சொல்லை அவள் தன் சொந்தப் பேச்சாகச் சொன்னது அன்றைக்குத்தான்.